கடையில் கருவி பெருகிவிட்டது. பழுது பார்க்க ஆள் எங்கே?

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ உள்ள ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். மின்னணுத் தராசு, பில் அடிக்கும் இயந்திரம், கணக்கு எழுதக் கம்ப்யூட்டர், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, கண்காணிப்புக் கேமரா, இன்வெர்ட்டர், குளிர்பானப் பெட்டி, கைப்பேசி இரண்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்பதுக்குக் குறையாது. நம் தந்தையார் காலத்தில் அதே கடையில் மின்சாரத்தில் இயங்கியவை குண்டு பல்பும், மின்விசிறியும், வானொலிப் பெட்டியும்தான். கைத்தராசும் படிக்கல்லும் மரக் கல்லாப்பெட்டியும் வைத்தே வியாபாரம் நடந்தது. அவை கெட்டால் தச்சரும் கொல்லரும் அடுத்த தெருவில் இருந்தார்கள்.

இன்று அப்படியா? பில் இயந்திரம் நின்றால் கவுண்டர் நிற்கிறது. தராசு நின்றால் கடையே நிற்கிறது. "சென்னைக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. கருவி நம்முடையது, அதை வாங்கிய பணம் நம்முடையது, ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. இந்த நிலை வணிகனுக்கு அழகல்ல, இலாபமும் அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கருவிகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கைப்பேசி வழிப் பணம் பலருடைய வியாபாரத்தைக் காப்பாற்றியது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் கம்ப்யூட்டர் இல்லாமல் கணக்கு வைப்பது பெரிய கடைகளுக்கு முடியாத காரியம். வந்த வெள்ளத்தில் நீந்தத்தான் வேண்டும். ஆனால் நீந்துகிறவனுக்கு ஆழம் தெரிந்திருக்க வேண்டும்.

தராசின் வயிற்றில் என்ன?

முதலில் தராசைப் பார்ப்போம். மின்னணுத் தராசின் தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியத் துண்டு இருக்கிறது. அதன்மேல் தலைமுடி போன்ற மெல்லிய உலோகக் கோடுகள் ஒட்டப்பட்டிருக்கும். சரக்கை வைத்ததும் அலுமினியம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கோடுகள் நீள்கின்றன, அவற்றின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தால் கிடைக்கும் மின் அழுத்தம், தட்டு முழுக்கப் பாரம் இருந்தாலும் ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு அளவே. அதைப் பெருக்கி, எண்ணாக மாற்றி நமக்குக் காட்டுகிறது ஒரு சிறிய சில்லு.

இதைத் தெரிந்துகொண்டால் தராசை எப்படி நடத்த வேண்டும் என்பது தானே விளங்கும். மூட்டையைத் தட்டின்மேல் 'தொப்'பென்று போட்டால் அந்த அலுமினியத் துண்டு நிரந்தரமாக வளைந்துவிடும். உப்பும் ஈரமும் பட்டால் மெல்லிய கோடுகள் அரிக்கும். கடை எலி கடித்த கம்பி ஒன்று எடையையே மாற்றிக் காட்டும். உள்ளே இருக்கும் பேட்டரி செத்திருந்தால் மின்சாரம் போன நொடியில் தராசும் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 5 கிராம் குறைத்துக் காட்டும் தராசில் நாளொன்றுக்கு 300 கிலோ எடை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்றரைக் கிலோ சரக்கு விலையில்லாமல் வெளியே போகிறது. கிலோ 120 ரூபாய் பருப்பானால் நாளுக்கு 180 ரூபாய். மாதத்துக்கு 5,400 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 65,000 ரூபாய். தராசு கூட்டிக் காட்டினாலோ, அந்தப் பணம் வாடிக்கையாளருடைய வீட்டிலிருந்து போகிறது. அதோடு நம் பெயரும் போகிறது. மணிலாவும் உளுந்தும் மூட்டை மூட்டையாக எடை போடும் மொத்த வியாபாரிகள் இந்தக் கணக்கை இன்னும் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மருந்து எளிது. முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறந்ததும் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை காட்ட வேண்டும். அரை நிமிட வேலை. மாறிக் காட்டினால் அன்றே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

'உரிமம் பெற்ற' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசைப் பழுது பார்க்க உரிமம் வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெற வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறையினர் பார்க்கின்றனர். எனவே எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் தராசின் முத்திரையை நாமே உடைக்கலாகாது. தெரிந்துகொள்வது வேறு, கைவைப்பது வேறு.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டு வாங்குவோம்

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை நம் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதுதான் இன்வெர்ட்டர் கடைக்குக் கடை வந்தது. ஆனால் எத்தனை பேர் கணக்குப் பார்த்து வாங்கினோம்?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பேட்டரியில், பெருக்கினால், 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 900. இன்வெர்ட்டரில் வீணாவது போக 750 என்று வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர், பில் இயந்திரம், கேமரா, இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி எல்லாம் சேர்ந்து 250 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம் ஓடும். "ஆறு மணி நேரம் வரும்" என்று விற்பவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அப்படித் தினமும் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். இந்தச் சின்னப் பெருக்கலைப் போடத் தெரிந்தவர் தேவைக்கு ஏற்ற பேட்டரியை வாங்குவார், தெரியாதவர் ஏமாறுவார்.

மழைக்காலம் வேறொரு பாடம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் புகுந்த கடைகளில் தரையோடு வைத்திருந்த கம்ப்யூட்டர்களும் இன்வெர்ட்டர்களும் நனைந்தன. ஒன்றை நினைவில் வையுங்கள்: நனைந்த கருவி பெரும்பாலும் தண்ணீரால் உடனே சாவதில்லை, நனைந்தபடியே சுவிட்சைப் போடுவதால்தான் சாகிறது. இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, நன்கு உலர்த்தி, விஷயம் தெரிந்தவரிடம் காட்டிய பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். அதைவிட மேல், அக்டோபர் பிறக்குமுன்பே எல்லாவற்றையும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி வைப்பது.

ஒலிப்பெட்டியும் ஒட்டுத்தாளும்

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. இன்று பூக்கடை முதல் பாத்திரக்கடை வரை அதன் கட்டம் போட்ட ஒட்டுத்தாள் தொங்குகிறது. அந்த ஒலிப்பெட்டி என்பது ஒரு சிம் கார்டும், ஒரு சிறு பேட்டரியும், ஓர் ஒலிபெருக்கியும் கொண்ட எளிய கைப்பேசிதான். பணம் சேர்ந்த செய்தி வந்தால் பேசும். சிக்னல் இல்லையென்றால் வாய் மூடியிருக்கும். பெட்டி பேசவில்லை என்பதால் பணம் வரவில்லை என்று ஆகாது. வாடிக்கையாளர் தம் கைப்பேசியைக் காட்டுவதால் பணம் வந்துவிட்டது என்றும் ஆகாது. அசலைப் போலவே 'வெற்றி' என்று காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. நம் கணக்கில் ஏறியதா என்று நம் கைப்பேசியில் பார்ப்பது ஒன்றே வழி.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் கடைகளின் ஒட்டுத்தாள்கள் மீது வேறு தாளை ஒட்டிப் பணத்தைத் திருப்பிய செய்தி வந்தது. எனவே காலையில் படிக்கல்லால் தராசைச் சோதிப்பது போல, நம் ஒட்டுத்தாளையும் ஒருமுறை நாமே ஸ்கேன் செய்து நம் பெயர்தான் வருகிறதா என்று பார்த்துவிடலாம். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு இலாபம்.

இன்னொரு சிறு செய்தி. பில் இயந்திரத்தில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் மருந்து பூசிய தாளில்தான் அது அச்சடிக்கிறது. அந்தத் தாள் வெயிலிலும் வெப்பத்திலும் சில மாதங்களில் மங்கி வெள்ளையாகிவிடும். ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. கொள்முதல் ரசீது இப்படிப்பட்ட தாளில் வந்தால் அன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். எழுத்து மறைந்த ரசீதைக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது.

பழுது பார்ப்பவர் எங்கே போனார்?

ஒரு காலத்தில் நம் இரண்டு ஊர்களிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றி ரேடியோ பழுது பார்க்கும் கடைகள் இருந்தன. டிரான்சிஸ்டரும் டேப் ரெக்கார்டரும் பிரித்துப் போட்ட மேசை, புகையும் சால்டரிங் அயன், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பையன்கள். அந்தப் பையன்களில் சிலர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சில்லறை உதிரிகளை வாங்கிவந்து தாங்களே வானொலியும் ஒலிபெருக்கியும் பூட்டினார்கள். பள்ளிக்கூடம் சொல்லித் தராத பாடத்தை அந்த மேசை சொல்லித் தந்தது. 2006-இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினித் திட்டங்களும் வந்தபோது, ஊர் ஊராக அவற்றைப் பழுது பார்த்துக் கொடுத்தவர்களும் இவர்களே.

இன்று அந்த மேசைகள் அருகிவிட்டன. காரணங்கள் பல. பாகங்கள் அரிசி நொய்யைவிடச் சிறியதாகிவிட்டன. உதிரிப் பாகத்தையும் வரைபடத்தையும் கம்பெனிகள் வெளியே தருவதில்லை. மூடியைத் திருகாணியால் பூட்டாமல் பசையால் ஒட்டுகிறார்கள். 'புதிது வாங்கினால் இவ்வளவுதானே' என்ற எண்ணம் நமக்கும் வந்துவிட்டது.

அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு பில் இயந்திரத்தைச் சொல்கிறேன். "போர்டு போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய்" என்று சர்வீஸில் சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால் மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஒரு கெபாசிட்டர் உப்பியிருந்தது. அதன் விலை 12 ரூபாய். மாற்றியதும் இயந்திரம் ஓடியது. எல்லாப் பழுதும் இப்படி எளிதாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் வெப்பத்துக்கும் ஏறி இறங்கும் மின் அழுத்தத்துக்கும் முதலில் பலியாவது இந்தக் கெபாசிட்டரும், பேட்டரியும், அடாப்டரும், அறுந்த கம்பியும்தான். இவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் பாதிக் கருவிகள் சென்னை போகத் தேவையில்லை.

உலகமும் இந்தப் பக்கம் திரும்பிவருகிறது. பிரான்சு நாட்டில் 2021 முதல் சில வகைப் பொருள்களில் 'இதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்பதற்கு மதிப்பெண் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கெனத் தனி ஆணையே பிறப்பித்தது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில், கம்பெனிகள் உதிரிப் பாகம், பழுது பார்க்கும் விவரம் ஆகியவற்றைத் தெரிவிக்க ஓர் இணைய வாயிலைத் திறந்தது. கேட்கும் உரிமை நமக்கு வந்துகொண்டிருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாமா?

எலெக்ட்ரானிக்ஸில் கைவைக்கும் பிள்ளையைப் பார்த்து "ஏன்டா எல்லாவற்றையும் பிரித்துப் போடுகிறாய்?" என்று திட்டாத வீடு இல்லை. கோவை ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். பேருந்துத் தொழில் நடத்திய வணிகரும் அவரே. 1937-இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்ய வழி செய்தவர்களில் ஒருவரும் அவரே. எழுத்தாளர் சுஜாதாவை நாம் கதைகளால் அறிவோம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பங்கெடுத்த பொறியாளர் அவர். 'இது எப்படி வேலை செய்கிறது?' என்ற கேள்வியைத் தமிழில் சாதாரண வாசகனும் கேட்கும்படி செய்தார்.

இன்று பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதைவிட அதிகம். 1972-இல் வந்த 555 என்ற சிறு சில்லு இன்றும் ஒரு கோப்பைத் தேநீர் விலைக்குக் கிடைக்கிறது. அதை வைத்து விளக்கைச் சிமிட்ட வைக்கலாம், திருட்டு மணி அடிக்க வைக்கலாம். 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்ற பலகையை வைத்துக் கிடங்கின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்கலாம். மணிலாவும் உளுந்தும் அடுக்கி வைக்கும் கிடங்குக்கு இது விளையாட்டுப் பொருளா? பூசணம் பிடித்த ஒரு மூட்டையின் விலையில் அந்தக் கருவியைச் செய்துவிடலாம். எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும்: பழகுகிற பிள்ளை 12 வோல்ட் பேட்டரியோடு நிற்க வேண்டும், 230 வோல்ட் பக்கம் பெரியவர் துணையில்லாமல் போகக் கூடாது.

நம் மாவட்டத்தில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் மென்பொருள் எழுதும் ஊரில் தராசுக்குப் பேட்டரி மாற்ற ஆள் இல்லையென்றால் அந்த வளர்ச்சியில் ஏதோ ஓட்டை இருக்கிறது.

விற்பனை குறையாதா?

மின்னணுப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எல்லாரும் பழுது பார்த்தே ஓட்டினால் எங்களிடம் யார் புதிது வாங்குவார்?" நியாயமான கேள்வி. ஆனால் இணையத்தில் பொருள் விற்கும் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட நம்மால் முடியுமா என்று அவர்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். நூறு ரூபாய் குறைவென்றால் வாடிக்கையாளர் கைப்பேசியிலேயே வாங்கிவிடுகிறார். அந்த நிறுவனம் தர முடியாத ஒன்று நம்மிடம் உண்டு: கெட்டுப்போனால் எடுத்துக்கொண்டு வந்து நிற்க ஒரு கடை வாசல். விற்றவரே பழுதும் பார்த்துத் தருவார் என்ற நம்பிக்கை இருந்தால் அந்த நூறு ரூபாயை வாடிக்கையாளர் பெரிதாக நினைக்க மாட்டார். புதுப் பொருளில் கிடைக்கும் இலாபம் ஒருமுறை; சர்வீஸிலும் உதிரியிலும் கிடைக்கும் இலாபம் ஆண்டு முழுவதும்.

பழுது பார்ப்பதற்கும் எல்லை உண்டு. சில பொருள்கள் இனி உதவா. அவற்றைக் குப்பையில் எறியக் கூடாது. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். குறிப்பாக இன்வெர்ட்டர் பேட்டரியில் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைத் தெருவோரத்தில் உடைத்து உருக்குபவரிடம் கொடுத்தால் ஈயப் புகை முதலில் அந்தத் தெருக் குழந்தைகளைத்தான் பாதிக்கும். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் புதிதில் விலை கழித்துக்கொள்வதே முறை.

சங்கம் செய்யக்கூடியவை

1. இரண்டு ஊர்ச் சங்கக் கட்டடங்களிலும் வாரம் ஒரு நாள் பழுது பார்க்கும் மேசை போடலாம். ஊரில் எஞ்சியிருக்கும் மெக்கானிக்குகளுக்கு நாள்கூலி கொடுத்து உட்கார வைக்கலாம். ஒரு மல்டிமீட்டர், இரண்டு சால்டரிங் அயன், ஒரு பெட்டி உதிரி என்பவைதாம் முதலீடு.

2. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் மாணவர்களை அந்த மேசையில் அவர்களுக்கு உதவியாகப் பழக விடலாம். நம் கடைப் பிள்ளைகளும் வரட்டும்.

3. தராசுப் பழுது பார்க்கும் உரிமம் பெற விரும்பும் இளைஞருக்குச் சங்கம் வழிகாட்டிக் கடனுதவிக்குப் பரிந்துரைக்கலாம்.

4. உறுப்பினர் தனித்தனியே கருவி வாங்காமல், சங்கம் மொத்தமாகப் பேசலாம். இருபது கடைகள் சேர்ந்து வாங்கும்போது "உதிரிப் பாகம் ஐந்து ஆண்டுக்கு இங்கேயே கிடைக்க வேண்டும்" என்று எழுத்தில் கேட்கலாம். தனி ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். இருபது பேர் கேட்டால் கையெழுத்துப் போடுவார்கள்.

5. மே 5 வணிகர் தினத்தன்று நம் பிள்ளைகள் செய்த மின்னணுக் கருவிகளுக்கு ஒரு சிறு கண்காட்சியும் பரிசும் வைக்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மனம்தான் வேண்டும். சரக்கின் தரத்தைக் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லும் பழக்கம் நம் வணிகர்களுக்கு உண்டு. உளுந்தைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு பேட்டரியின் வோல்ட்டை அளந்து பார்ப்பது கடினமா? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முதல் யோசனையையாவது பொருளாக எடுத்துக்கொண்டு, வருகிற மழைக்காலத்துக்குள் ஓர் ஊரிலாவது மேசையைப் போட்டுவிட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.